ஐந்தடி உயரமும் சாம்பிள் உடையும்

இணையக் கடையில் ஒரு குர்தி. நீளம் 46 அங்குலம். படத்தில் அது கெண்டைக்கால் அளவில் நிற்கிறது, கீழே ஓர் அடிக்குப் பேன்ட் தெரிகிறது. வாங்கிப் போட்டுப் பார்த்தால் கணுக்காலை எட்டிவிடுகிறது. பேன்ட் போட்டதே வெளியில் தெரியவில்லை. துணியிலும் குறையில்லை, உடம்பிலும் குறையில்லை. படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: மாடலின் உயரம் 5 அடி 9 அங்குலம். கழுத்தோரத் தோளிலிருந்து தரைவரை அவருக்கு ஏறத்தாழ 58 அங்குலம். ஐந்தடி உயரமுள்ளவருக்கு 50. குர்தியின் 46 போக அவருக்கு மிச்சம் 12, இவருக்கு 4. இந்தியாவில் வயதுவந்த பெண்களின் சராசரி உயரமே சுமார் 152 சென்டிமீட்டர்தான், அதாவது ஐந்தடி. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் இந்த 4 அங்குலத்தின் பக்கம் நிற்கிறார்கள். படம் 12 அங்குலத்தின் பக்கம் நிற்கிறது.

இந்த இடைவெளி எப்படி வந்தது என்று தெரிந்தால் இரண்டு விஷயம் சேர்ந்து விளங்கும். உயரம் குறைந்த பெண்ணுக்கு மாடலிங்கில் எந்தக் கதவு மூடியிருக்கிறது, எது திறந்திருக்கிறது என்பது ஒன்று. கடையில் வாங்கிய உடை ஏன் எப்போதும் எங்கோ ஓரிடத்தில் தொங்குகிறது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் வேர் ஒரே பொருளில் இருக்கிறது: சாம்பிள் உடை, அதாவது மாதிரிக்காக முதலில் தைக்கும் உடை.

ரேம்ப்புக்கு, அதாவது ஃபேஷன் நிகழ்ச்சியின் நடைமேடைக்கு, வரும் ஒவ்வோர் உடையும் பெரும்பாலும் ஒரே ஒரு சாம்பிள் பிரதியாகத்தான் தைக்கப்படுகிறது. அதை யார் போடப்போகிறார் என்று தெரிவதற்கு முன்பே துணியை வெட்டியாக வேண்டும். அதனால் வடிவமைப்பாளர் ஓர் உத்தேச உடலை முதலில் முடிவு செய்துகொள்கிறார். உயரம் 5 அடி 9 முதல் 5 அடி 11 அங்குலம், மார்பு 32 முதல் 34, இடுப்பு 24 அல்லது 25, இடுப்பெலும்புச் சுற்று 34, 35. பிறகு நடப்பது உடைக்கு ஏற்ற ஆளைத் தேடும் வேலை. அந்த உடையை 5 அடி 4 அங்குலப் பெண் போட்டால் கீழ் விளிம்பை ஊசி குத்தித் தூக்கிவிடலாம். ஆனால் உடையின் இடுப்பு அவருடைய இடுப்புக்கு ஒன்றரை அங்குலம் கீழே விழும், மார்பு டார்ட்டின் (உடல் வளைவுக்காகத் துணியை மடித்துத் தைக்கும் பிடிப்பின்) முனை தவறான இடத்தைக் காட்டும், முழங்காலுக்கு என்று விட்ட வெட்டு ஆடுசதையில் திறக்கும். நிகழ்ச்சி தொடங்க அரைமணி நேரம் இருக்கும்போது இதையெல்லாம் பிரித்துத் தைக்க முடியாது. அதே பிரதிதான் நிகழ்ச்சி முடிந்ததும் பத்திரிகைப் படப்பிடிப்புக்கும், மொத்தமாக வாங்க வருகிறவர்களின் பார்வைக்கும் போகிறது. உடை போகும் இடமெல்லாம் அதன் உயரமும் கூடவே போகிறது.

உயரமான பெண்களின் மேல் துணி நீளமாக விழுவது கண்ணுக்கு அழகு என்ற ரசனையும் இதில் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லண்டனில் லூசில் என்ற பெயரில் உடை வடிவமைத்த லேடி டஃப் கார்டன், நெடிய பெண்களைத் தேடிப் பிடித்துத் தன் உடைகளைப் போட்டு நடக்க வைத்தார். ஆனாலும் நூறு ஆண்டு கடந்து இந்த விதி உயிரோடு இருப்பதற்கு ரசனையைவிடத் தையற்கூடத்தின் வசதியே பெரிய காரணம். வசதிக்காக வந்த ஒரு விதியை அழகின் இலக்கணம் என்று எண்ணிப் பதினாறு வயதுப் பெண்கள் கண்ணாடி முன் நின்று குன்றிப்போவது பெரும் அநியாயம்.

விதிவிலக்காக வென்ற மாடல்களை வரிசையாகப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1966-ல் அந்த ஆண்டின் முகம் என்று பிரிட்டிஷ் நாளிதழ் ஒன்று அறிவித்த ட்விகியின் உயரம் சுமார் 168 சென்டிமீட்டர். அது மினி ஸ்கர்ட்டின் காலம். முழங்காலுக்கு மேலேயே முடிந்துவிடும் உடைக்கு நெடிய உடல் அவசியப்படவில்லை. கேட் மாஸ் 170 சென்டிமீட்டர். 14 வயதில், 1988-ல், நியூயார்க் விமான நிலையத்தில் ஸ்டார்ம் என்ற மாடலிங் ஏஜென்சியின் சாரா டூக்காஸ் கண்ணில் பட்டவர். அவரைத் தூக்கி நிறுத்தியது 1990-ல் கோரின் டே எடுத்து தி ஃபேஸ் இதழில் வந்த புகைப்படங்கள். படம் முதலில் பேசியது; பெரிய மேடைகள் பின்னால் வந்தன. டெவன் அயோகி 165 சென்டிமீட்டர் உயரத்தோடு ஷனேல், வெர்சாச்சே உடைகளில் ரேம்ப்பில் நடந்தார். லில்லி-ரோஸ் டெப் 160 சென்டிமீட்டர்தான். 2017 ஜனவரியில் ஷனேலின் ஓத் கூத்தூர் நிகழ்ச்சியை மணப்பெண் உடையில் நிறைவுசெய்தார். ஓத் கூத்தூர் என்பது ஆளுக்கு அளவெடுத்துக் கையால் தைக்கும் மரபு. அளவெடுத்துத் தைக்கும் இடத்தில் உயரம் ஒரு தடையே அல்ல. அவருக்கு நட்சத்திரக் குடும்பம் என்ற இன்னொரு வாசலும் திறந்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவருடைய தாய் வனெசா பாரடி 1991-லேயே ஷனேலின் விளம்பர முகம். 2009-ல் அமெரிக்காஸ் நெக்ஸ்ட் டாப் மாடல் தொலைக்காட்சிப் போட்டி தன் 13-ஆவது சுற்றில் 5 அடி 7 அங்குலமும் அதற்குக் குறைவும் உள்ளவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டது. நம் ஊர்த் தெருவில் 5 அடி 7 என்றால் நெட்டை. அந்தத் தொழிலில் அதைக் குட்டை என்று ஒரு முழுச் சுற்றே நடத்தியிருக்கிறார்கள்.

ஆகவே ஐந்தடிப் பெண் ரேம்ப்பை இலக்காக வைத்து ஆண்டுக்கணக்கில் ஏஜென்சிக் கதவுகளைத் தட்டுவது நல்ல திட்டம் இல்லை. சாம்பிள் உடை ஆட்சி செய்யாத இடங்கள் ஏராளமாக இருக்கின்றன. வேலையும் அங்கேதான் அதிகம்.

முகம், கூந்தல், சருமம் சார்ந்த விளம்பரங்களில் சட்டகம் கழுத்தெலும்போடு முடிந்துவிடுகிறது. நகை விளம்பரத்தில் காது, கழுத்து, விரல். நம் ஊர்ச் சாலையோர நகைக்கடைப் பலகைகளில் முக்கால்வாசி இடுப்புக்கு மேலேதான். அந்தப் பெண்ணின் உயரம் பார்க்கிறவருக்குத் தெரியப்போவதில்லை. கை மட்டும் தெரியும் வேலையில் நகம், தோலின் நிறம் ஒரே சீராக இருப்பது, நடுங்காமல் ஒரே நிலையில் சில நிமிடங்கள் பிடித்திருப்பது ஆகியவைதான் தகுதி.

அதிகம் பேசப்படாத, நிலையான வருமானம் தரும் வேலை ஒன்று உண்டு. அதற்குப் பெயர் ஃபிட் மாடல். படமே எடுக்க மாட்டார்கள். ஓர் உடை ஆயிரக்கணக்கில் தைக்கப்படுவதற்கு முன், அதன் மாதிரியை உயிருள்ள உடலில் போட்டுச் சரிபார்ப்பார்கள். அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களின் பெட்டீட் (உயரம் குறைந்தவர்களுக்கான உடை) பிரிவுக்கு 5 அடி 2 முதல் 5 அடி 4 அங்குல உயரத்தில், அவர்களுடைய நடு அளவுக்குப் பொருந்தும் உடல் தேவை. திருப்பூரில் ஏற்றுமதி சாம்பிள் பிரிவில் இருப்பவர்களுக்கு இதன் மறுமுனை நன்றாகத் தெரியும். இங்கிருந்து கூரியரில் போகும் ஃபிட் சாம்பிளை அங்கே ஒரு பெண் போட்டுப் பார்க்கிறார். நான்கு நாளில் கமென்ட்ஸ் வருகிறது. கைக்குழி அரை அங்குலம் ஏற்று, பின்கழுத்து கால் அங்குலம் இறக்கு, முன்பக்கம் தூக்குகிறது, சரிசெய்து மறுபடி அனுப்பு.

உடையைப் போட்டுப் பார்க்கும் அந்த அறையில் நடப்பது இதுதான். டெக்னீஷியன் முதலில் டேப்பால் அளக்கிறார். மாடலின் மார்பு, இடுப்பு, இடுப்பெலும்புச் சுற்று போன தடவை எழுதியதிலிருந்து அரை அங்குலத்துக்கு மேல் மாறியிருக்கக் கூடாது. உடையைப் போட்டதும் அசையாமல் நேராக நிற்க வேண்டும், வயிற்றை எக்கக் கூடாது. பிறகு கையைத் தலைக்கு மேல் தூக்கு, நாற்காலியில் உட்கார், ஒரு படி ஏறு என்பார்கள். நல்ல ஃபிட் மாடல் வெறுமனே "டைட்டாக இருக்கிறது" என்று சொல்வதில்லை. "கை முன்னால் நீட்டும்போது முதுகின் குறுக்கே இழுக்கிறது, அக்குளில் இடிக்கவில்லை" என்று இடத்தைக் குறிப்பிட்டுச் சொல்கிறார். அந்த ஒரு வாக்கியத்தில், துணி வெட்டுவதற்கான வரைவைப் போடும் பேட்டர்ன் மாஸ்டருக்கு முதுகு அகலத்தில் திருத்தமா, கைக்குழியிலா என்று விடை கிடைத்துவிடுகிறது. தையல் தெரிந்த பெண்ணுக்கு இந்த வேலை கைவந்த கலையாக அமையும்.

இணையக் கடைகளின் படப்பிடிப்பு இன்னொரு பெரிய வாசல். ஒரே நாளில் பல பத்து உடைகள் மாற்ற வேண்டியிருக்கும். வேகமும், ஒவ்வோர் உடைக்கும் அதே நான்கைந்து கோணங்களைத் தவறாமல் தருவதும்தான் முக்கியம்.

இதற்கெல்லாம் முதலில் கேட்பது மேக்கப் இல்லாத எளிய படங்கள். தொழிலில் டிஜிட்டல்ஸ் என்பார்கள். வெற்றுச் சுவர், ஜன்னல் வெளிச்சம், உடலோடு ஒட்டிய ஒற்றை நிற உடை, முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம், முகம் மட்டும். இங்கேதான் பலர் தெரியாமல் தங்கள் உயரத்தைத் தாங்களே குறைத்துக்கொள்கிறார்கள். போன் கேமராவின் சாதாரண லென்ஸ் அகலமான காட்சியைப் பிடிக்கும் லென்ஸ். தோழி எதிரே ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று தன் கண் மட்டத்தில் வைத்து எடுத்தால் தலை அருகிலும் பாதம் தொலைவிலும் விழும். தலை பெருத்து, கால் குறுகிவிடும். அதே போனில் 2 அல்லது 3 மடங்கு ஜூம் வைத்து, மூன்று நான்கு மீட்டர் பின்னால் போய், கேமராவை இடுப்பு மட்டத்துக்கு இறக்கி, சாய்க்காமல் நேராகப் பிடித்து எடுத்தால் உள்ளது உள்ளபடி வரும். பெரிய கேமராவில் 85 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் நாலரை மீட்டர் தூரம் வேண்டும். தரையோடு கேமராவை வைத்து மேல்நோக்கி எடுப்பது நீளக் கால்களைக் காட்டும். ஆனால் ஏஜென்சியில் இருப்பவர்கள் அந்த வித்தையைப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

படத்தில் உயரத்தைக் காட்டும் அளவுகோல் எதுவும் இல்லை. பக்கத்தில் கதவோ நாற்காலியோ இல்லாதபோது பார்ப்பவர் கண் எடைபோடுவது தலைக்கும் உடலுக்கும் உள்ள விகிதத்தைத்தான். உச்சந்தலையிலிருந்து முகவாய் வரை 20 சென்டிமீட்டர் உள்ள 160 சென்டிமீட்டர் பெண், எட்டுத் தலை உயரம். 23 சென்டிமீட்டர் தலையுள்ள 172 சென்டிமீட்டர் பெண், ஏழரைத் தலை. படத்தில் முதலாமவர்தான் நெடியவராகத் தெரிவார். சிறிய தலை, நீண்ட கழுத்து, முழங்காலுக்குக் கீழே நீளம்: உயரம் குறைந்தும் வென்ற மாடல்களிடம் இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கும். உங்களிடம் எது இருக்கிறது என்று அளந்தே தெரிந்துகொள்ளலாம்.

உயரத்தைக் கூட்டிச் சொல்லவே கூடாது. செருப்பில்லாமல், குதிகால் சுவரைத் தொட நின்று, தலைமேல் தட்டையான புத்தகம் வைத்து அளக்க வேண்டும். காலையில் அளப்பதற்கும் மாலையில் அளப்பதற்கும் சுமார் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் வரும், ஏனென்றால் நாள் முழுக்க நின்றும் உட்கார்ந்தும் முதுகெலும்பின் இடைத்தட்டுகள் அமுங்குகின்றன. அந்த ஒரு சென்டிமீட்டரை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். இரண்டு அங்குலம் கூட்டிச் சொல்லி வேலைக்குப் போனால் அங்கே காத்திருக்கும் உடை பொருந்தாது, படப்பிடிப்பு நின்றுபோகும், அடுத்த அழைப்பு வராது.

உயரத்தை ஈடுகட்ட உடம்பை இளைக்க வைக்கலாம் என்று சொல்பவர் பேச்சைக் கேட்கவே வேண்டாம். எடை குறைந்தால் சாம்பிளின் இடுப்பு மேலே ஏறி வராது. பட்டினியின் ஆபத்து இந்தத் தொழிலில் உண்மையானது. 2017 முதல் பிரான்ஸில் மாடல்களுக்கு மருத்துவச் சான்றிதழ் கட்டாயமானது அதனால்தான். "உயரம் குறைவு, ஆனாலும் எடுத்துக்கொள்கிறோம், போர்ட்ஃபோலியோவுக்கு (படத் தொகுப்புக்கு) முதலில் பணம் கட்டுங்கள்" என்று சொல்லும் இடத்திலிருந்து அப்போதே எழுந்து வந்துவிட வேண்டும். ஒழுங்கான ஏஜென்சி, வேலை வாங்கிக் கொடுத்த பிறகு அந்தச் சம்பளத்திலிருந்துதான் கமிஷன் எடுக்கும்.

பெட்டீட் என்ற சொல்லைப் பற்றி ஒரு பெரிய தவறான புரிதல் உண்டு. ஒல்லி என்றோ சின்ன சைஸ் என்றோ அதற்குப் பொருளில்லை. அது உயரத்தை மட்டும் குறிக்கிறது: அமெரிக்காவில் பொதுவாக 5 அடி 4 அங்குலமும் அதற்குக் கீழும், பிரிட்டனில் 5 அடி 3. சுற்றளவு எதுவானாலும் பெட்டீட் உண்டு. 1940-களில் ஹன்னா ட்ராய் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், பெண்களில் நிறையப் பேருக்குத் தோளுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட நீளம் கடை உடையைவிடக் குறைவு என்று கண்டு, அவர்களுக்கென்று தனி வரிசை தைத்தார். அதே காலத்தில், 1941-ல், அமெரிக்க வேளாண் துறை ஏறக்குறைய 15,000 பெண்களை ஆளுக்கு 59 அளவுகள் எடுத்து அறிக்கை வெளியிட்டது. 1958-ல் அதைக் கொண்டு வகுத்த அளவுத் தரத்தில் ஒவ்வொரு சைஸுக்கும் உயரம், நடுத்தரம், குட்டை என்று மூன்று பிரிவு இருந்தது. நம் நாட்டில் 25,000 பேரை ஸ்கேனரால் அளந்து இந்தியாவுக்கென்று அளவுப் பட்டியல் உண்டாக்கும் வேலையை நிஃப்ட் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம்) மிகப் பிந்தித்தான் தொடங்கியது. அதுவரை நம் கடைகளில் இருந்ததெல்லாம் பிற நாட்டு உடல்களைப் பார்த்துத் தோராயமாக மாற்றிக்கொண்ட அளவுகள்தாம். ஐந்தடிக்காரிக்கு உடை பொருந்தாததற்கு அவள் உடம்பைக் குற்றம் சொல்வது எவ்வளவு தவறு என்பது இதிலேயே தெரிகிறது.

பெட்டீட் பேட்டர்னில் குறைப்பது ஓரிடத்தில் அல்ல, பல இடங்களில் சிறிது சிறிதாக. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறினாலும் பொதுவாகத் தோளிலிருந்து இடுப்புவரை முக்கால் முதல் ஓர் அங்குலம், கை நீளத்தில் ஒன்று முதல் ஒன்றரை, பேன்ட்டின் உள்கால் நீளத்தில் இரண்டு முதல் மூன்று, கவட்டை ஆழத்தில் (இடுப்பிலிருந்து கவட்டைவரை உள்ள நீளம்) அரை முதல் முக்கால். பாக்கெட், பொத்தான், முழங்கால் கோடு எல்லாம் இதற்கேற்ப மேலே நகரும்.

இப்போது அந்த 46 அங்குலக் குர்திக்கு வரலாம். டெய்லரிடம் கொடுத்தால் கீழே 8 அங்குலம் வெட்டி மடித்துத் தந்துவிடுவார். நீளம் சரியாகிவிடும், மற்ற எல்லாம் தப்பாகவே இருக்கும். கீழ்ப் பார்டர் போய்விடும். உயரமானவருக்கு இடுப்பெலும்பு மட்டத்தில், தோளிலிருந்து 23 அங்குலத்தில் தொடங்கும் ஸ்லிட் (பக்கவாட்டுத் திறப்பு), ஐந்தடிக்காரிக்கு 19, 20-ல் தொடங்கியாக வேண்டும். அதைத் திருத்தாவிட்டால் உட்காரும்போது துணி தொடையில் இறுகி வயிற்றுக்கு மேல் சுருண்டு ஏறும். இடுப்பு வளைவும் கீழேயே நிற்கும். சரியான வழி தோளில் தொடங்குகிறது. தோள் தையலைப் பிரித்து அரை முதல் முக்கால் அங்குலம் மேலே ஏற்றினால் கழுத்து, டார்ட், இடுப்பு, ஸ்லிட் எல்லாம் ஒன்றாக உயரும். ஆனால் கைக்குழி சிறுத்துவிடும் என்பதால் அடியில் அதே அளவு இறக்கி, கையைக் கழற்றி மறுபடி பூட்ட வேண்டும். வேலை அதிகம், கூலியும் அதிகம். அன்றாடக் குர்திக்கு இவ்வளவு வேண்டாம். ஸ்லிட்டை மட்டும் மூன்று அங்குலம் பிரித்துவிட்டு, நீளத்தை முழங்காலுக்குச் சற்றுக் கீழே 36-ல் நிறுத்தினால் போதும். பட்டுக்கும் கல்யாண உடைக்கும் தோளைப் பிரிப்பதே நியாயம்.

ஜீன்ஸில் வேறு சிக்கல். கீழே வெட்டினால் முழங்காலுக்கு என்று குறுக்கிய இடம் ஆடுசதையின் மேல் வந்து நிற்கும். கவட்டை ஆழம் கூடுதலாக இருந்தால் எந்த டெய்லரும் சுலபத்தில் திருத்த முடியாது. அதனால் வாங்கும்போதே உட்கார்ந்து பார்த்து அதை முதலில் சோதியுங்கள்.

புடவைதான் உயரம் பாராத உடை என்று நம்மிடம் ஒரு நம்பிக்கை. கணக்குப் போட்டால் அங்கேயும் வேலை இருக்கிறது. புடவையின் அகலம் ஏறக்குறைய 47 அங்குலம். ஐந்தடிப் பெண்ணுக்குத் தொப்புளிலிருந்து தரைவரை 36; இரண்டு அங்குலக் குதிகால் செருப்போடு 38. மிச்சம் 9 அங்குலம் உள்ளே செருகப்படுகிறது. 5 அடி 9 அங்குலப் பெண்ணுக்கு 3 அங்குலக் குதிகாலோடு 44 போக மூன்று அங்குலம்தான் செருகல். கனத்த பட்டு என்றால் அந்த 9 அங்குலமும் வயிற்றைச் சுற்றி மெத்தைபோல் நிற்கும். மேல்கரை முழுக்க மறைந்தும் போகும். தொப்புளுக்குக் கீழே இறக்கிக் கட்டினால் செருகல் இன்னும் இரண்டு அங்குலம் கூடும், கால் நீளம் குறைந்து தெரியும். ஐந்தடிக்காரிக்குத் தொப்புள் மட்டமே சரி. உள்பாவாடை வட்டமாக விரியாமல் உடலோடு ஒட்டிய வெட்டில் இருந்தால் இடுப்பருகே பாதிச் சுமை குறையும்.

பெரிய கரை போடவே கூடாது என்று கடைக்காரர் சொல்வது பாதிதான் உண்மை. 9 அங்குலக் கரை, கீழே தெரியும் 38 அங்குலத்தில் ஏறக்குறைய கால் பங்கைப் பிடித்துக்கொள்ளும். நெடியவருக்கு அதே கரை ஐந்தில் ஒரு பங்கு. உடல் நிறத்துக்கும் கரை நிறத்துக்கும் வித்தியாசம் பளிச்சென்று இருந்தால்தான் அது கண்ணை வெட்டும். ஒரே சாயலில் அமைந்த பெரிய கரை ஐந்தடிக்கும் கம்பீரமாகவே இருக்கும். பளிச்சென்ற கரைதான் பிடித்திருக்கிறது என்றால் ரவிக்கையைப் புடவையின் உடல் நிறத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள். ரவிக்கை நீளம் 15 வேண்டாம், 13 அல்லது 13½ போதும்.

ஐந்தரை மீட்டரில் மிஞ்சும் துணியை முந்தானையில் விட்டால் தரையில் புரளும். முந்தானை முழங்காலின் பின்பக்கத்தோடு நிற்கட்டும். மீதியைக் கொசுவத்துக்குத் தாருங்கள். ஐந்து அங்குல மடிப்பு ஒன்றுக்குப் பத்து அங்குலத் துணி போகும். மடிப்பை நாலு அங்குலமாகக் குறுக்கினால் கூடுதலாக ஒன்றிரண்டு விழும், நெடுக்குக் கோடுகளும் கூடும். இதையெல்லாம் தொடங்கும் முன்பே அன்றைக்குப் போடப்போகிற செருப்பைப் போட்டுக்கொண்டு நில்லுங்கள். வெறுங்காலில் கட்டிவிட்டுக் கடைசியில் குதிகால் செருப்பு போட்டால் பாதத்துக்கு மேல் இரண்டு அங்குலம் தூக்கிக்கொள்ளும். இறக்கிவிட வேண்டுமானால் கொசுவத்தையே மொத்தமாக உருவ வேண்டியிருக்கும்.